எடை குறைந்த பிறகும் அக்காவின் இதயத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது

கொழும்பில் பைபாஸ் முறையில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஆரையம்பதிக்குத் திரும்பிய என் அக்காவுக்குச் சில மாதங்களில் தலைச்சுற்று வரத் தொடங்கியபோது, சாப்பாடு குறைந்ததால் வந்த களைப்பென்றே உறவினர்கள் சொன்னார்கள். விடியற்காலையில் பாயை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். கதவு நிலையைப் பிடித்தபடி சற்று நேரம் நின்ற பிறகே குசினிக்குப் போவார். கிளினிக்கில் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற நிலையிலும் பிரஷரை அளந்த வைத்தியர், நிற்கும்போது அது வெகுவாக இறங்குவதை எங்களுக்குக் காட்டினார். உடல் பருத்திருந்த காலத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட பிரஷர் குளிசைகளும், சிறுநீரைப் போக்கும் குளிசையும் அதே அளவில் தொடர்ந்ததே காரணம். ஒரு தடவையில் சில மிடறுக்கு மேல் தண்ணீர் குடிக்க முடியாத ஒருவரின் உடலிலிருந்து நீரை மேலும் வெளியேற்றினால் பிரஷர் எப்படி நிற்கும்? அக்கா தாமாக எதையும் நிறுத்தவில்லை. வைத்தியரே அளந்து பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் குறைத்தார்.

பின்னர் கலியாண வீடொன்றில் கட்டித் தயிரில் நிறையச் சீனி போட்டுச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் அவருக்கு நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டியது. மாரடைப்பென்று பயந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். ஈசீஜீயில் குறையெதுவும் இல்லை. இனிப்பு சிறுகுடலுக்குள் விரைந்து இறங்கும்போது உடலின் நீரும் அங்கே இழுக்கப்படுவதால் இதயம் வேகமாகத் துடிக்கும் ‘டம்பிங்’ என்ற நிலை அதுவென்று விளக்கினார்கள். ஆனாலும் அன்று ஓடியது சரியென்றே நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டையும் வீட்டிலிருந்து பிரித்தறிய எங்களால் முடியாது.

சத்திரசிகிச்சையின் நன்மையில் எனக்கு ஐயமில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கி, ஏறத்தாழ 4,000 பேரை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறப்போர் குறைவென்று 2012இல் தெரிவித்தது. எடையும் பிரஷரும் குறையும்போது தடித்துப்போயிருந்த இதயத் தசையும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்குகிறது. அக்காவின் குறட்டையும் இரவு மூச்சுத் தடையும் பெரும்பாலும் அடங்கிவிட்டன.

“மெலிந்துவிட்டாயே, இனி ஏன் கொலஸ்ட்ரோல் குளிசை?” என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அவருக்கு நெடுநாளாய் நீரிழிவு இருந்தது, அப்பாவும் இளவயதிலேயே மாரடைப்பால் போனவர். அதனால் வைத்தியர் அந்தக் குளிசையை மட்டும் நிறுத்தவில்லை. அக்காவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் போடுகிறார்.