கேட்டலாக் என்பது 'கட்டோலை'யாம்! இதற்கும் கைதட்டல்!

செந்தூல் வாசகன்:
ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் சொற்பொழிவு கேட்கப் போய்த் தலைவலியோடு திரும்பினேன். ஆங்கிலத்தில் 'கேட்ட' என்று தொடங்கும் சொற்கள் அனைத்தும் தமிழின் 'கட்டு' என்னும் வேரில் முளைத்தவையாம். பேசியவர் பெயரை விட்டுவிடுகிறேன். கேட்டமரான் நம் கட்டுமரம்தான், அதில் தகராறு இல்லை. 1886-இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியே 'கட்டு', 'மரம்' என்று பிரித்துக் காட்டுகிறது. மனிதர் அதோடு நிறுத்தினாரா? ஓலைச்சுவடிகளை நாம் கட்டி வைத்தோமாம், வெள்ளைக்காரன் அந்தக் 'கட்டோலை'யைப் பார்த்துக் கேட்டலாக் என்றானாம். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

கேட்டலாக், கேட்டகரி, கேட்டபல்ட், கேட்டலிஸ்ட், கேட்டஸ்ட்ரஃபி எல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தவை. அங்கே 'கட்டா' என்னும் முன்னொட்டுக்குக் கீழே, எதிராக, முழுவதும் என்று இடத்துக்கேற்பப் பொருள். 'லெகெய்ன்' என்றால் எடுத்துச் சொல்லுதல், எண்ணுதல். ஒன்று விடாமல் எண்ணிச் சொன்னால் அது கேட்டலாக். இதில் ஓலையும் இல்லை, கயிறும் இல்லை.

பினாங்குத் தமிழன்:
வணக்கம் தம்பி. 'கட்டா' என்று நீங்களே எழுதிவிட்டு, கட்டு இல்லை என்கிறீர்கள். உங்கள் விரலுக்குத் தெரிந்த தமிழ் உங்களுக்குத் தெரியவில்லை.

1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது அறிஞர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த பையன்களில் நானும் ஒருவன். தனிநாயகம் அடிகளைப் பார்த்த கண் இது. நீங்கள் கைப்பேசியில் பார்த்ததை எழுதுகிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நம் முன்னோர் ஓலையைக் கட்டினார்களா, இல்லையா?

நூலகப்பூனை:
கட்டினார்கள் ஐயா. ஓலையில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். அதற்குச் சுவடி என்று பெயர். பெரியபுராணத்தில் மூல ஓலை வருகிறது, ஆளோலை வருகிறது. இந்தக் கட்டோலையை எந்தச் சுவடியில் படித்தார் என்று அந்தப் பேச்சாளரைத்தான் கேட்கவேண்டும். நூல்களுக்குக் கேட்டலாக் போடுவதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்க ஒட்டுகிறேன், எண் எழுதுகிறேன், கணினியில் ஏற்றுகிறேன். இதுவரை எதையும் கட்டியதில்லை.

பினாங்குத் தமிழன்:
கட்டினார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மிக்க நன்றி. இந்தத் திரியை இப்போதே மூடலாம்.

செராஸ் ஆசிரியை:
மூட வேண்டாம், ஐயா. பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் காலத்தைக் கழித்தவள் நான். இந்தப் பேச்சையெல்லாம் பிள்ளைகள் கேட்டுவிட்டுத் தேர்வில் எழுதினால் யார் பொறுப்பு? தொடக்க எழுத்துகள் ஒன்றாக இருந்தால் உறவு என்றாகிவிடுமா? கேட்டர்பில்லர் என்ற கம்பளிப்புழு பழைய பிரெஞ்சில் 'மயிர் நிறைந்த பூனை' என்ற சொல்லிலிருந்து வந்தது. கேட்டில் என்ற மாட்டுக்கும் வங்கியில் பேசும் கேப்பிட்டலுக்கும் ஒரே லத்தீன் வேர், ஏனென்றால் அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து. கேட்ச் என்பது லத்தீன் 'கேப்டாரே'. எல்லாம் 'கேட்' என்றுதான் தொடங்குகின்றன. ஒன்றுக்கொன்று முகம்கூடப் பார்த்ததில்லை.

கேட்டகரி இன்னும் வேடிக்கை. கிரேக்கத்தில் அது முதலில் பலர் முன்னிலையில் ஒருவர்மீது குற்றம் சாட்டுவது. அரிஸ்டாட்டில் கையில் பட்ட பிறகுதான் 'வகை' என்ற பொருளுக்கு வந்தது. கட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

பட்டர்வொர்த் பாலு:
குற்றவாளியைத்தான் கட்டுவார்கள், டீச்சர்! அப்படியே கேட்டர்பில்லரையும் எழுதிக்கொள்ளுங்கள்: கட்டுப்பிள்ளை. மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் பிள்ளை.

பினாங்குத் தமிழன்:
பாலு, அருமை. புழு கூடு கட்டுகிறது. கூடு கட்டும் பிள்ளை கட்டுப்பிள்ளை. இதை நான் முப்பது வருடமாக மனத்தில் வைத்திருந்தேன். மாடும் அப்படித்தான். மாட்டைக் கட்டாமல் யார் வளர்த்தார்கள்? கட்டில் கிடப்பது கேட்டில்.

பட்டர்வொர்த் பாலு:
அண்ணே, நான் விளையாட்டுக்குச் சொன்னேன்.

பினாங்குத் தமிழன்:
விளையாட்டாகச் சொன்னாலும் நாக்கில் வந்தது உண்மை. ஆசிரியை அம்மா மாட்டைப் பற்றிப் பேசிவிட்டு ஓலைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

செந்தூல் வாசகன்:
ஓலையைக் கட்டினார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்தச் சொல் எப்படிக் கிரேக்கத்துக்குப் போனது என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரன் நம் ஊருக்குக் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கர்கள் அந்தச் சொல்லை எழுதிவிட்டார்கள்.

பினாங்குத் தமிழன்:
இஞ்சி எப்படிப் போனது? முசிறிக்கு யவனர் மரக்கலம் வந்தது உங்களுக்குத் தெரியாதா? பொன்னோடு வந்து கறியோடு பெயர்ந்தான். மிளகு ஏற்றியவன் ஓலையை ஏற்றமாட்டானா?

செந்தூல் வாசகன்:
இஞ்சிக்குத் தடம் இருக்கிறது. பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', பிறகு லத்தீன், பிறகு ஆங்கிலம். ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் கட்டோலைக்கு ஒரே ஒரு படி காட்டுங்கள், போதும். கால்டுவெல் 1856-இல் அத்தனை பெரிய ஒப்பிலக்கணம் எழுதினார். தோகையையும் அரிசியையும் வைத்து அயல்மொழிகளில் தேடினார். அவரே கேட்டலாக்கைத் தொடவில்லை.

பினாங்குத் தமிழன்:
கால்டுவெல் பாதிரியார். அவருக்கு ஆயிரம் வேலை. அவர் விட்டதை நாம் எடுக்கக்கூடாதா? ஒன்று சொல்கிறேன், இந்தச் செந்தூல்காரருக்குத் தமிழ் உயர்ந்தால் பிடிக்காது. போன வருடம் கோலாலம்பூரா கோலாலும்பூரா என்ற திரியிலும் இதே குரல்தான். அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

செந்தூல் வாசகன்:
பதில் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை. பத்திரிகையில் இரண்டு விதமாகவும் அச்சாகிறது, ஒரே பக்கத்தில் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிழை திருத்துவது என் தொழில் ஐயா. 'கேட்டலாக்கு' என்று போன திரியில் உகரம் சேர்த்து எழுதியது யார் என்று சொல்லட்டுமா?

பினாங்குத் தமிழன்:
உகரம் சேர்ப்பது தமிழ் மரபு. அதுவும் தெரியாதா?

பட்டர்வொர்த் பாலு:
ஒரு சந்தேகம். அம்மாவுக்குச் சென்ற மாதம் கேட்டரக்ட் அறுவை செய்தார்கள். கண்ணில் பெரிய கட்டு போட்டு அனுப்பினார்கள். இது எந்தக் கணக்கு?

பினாங்குத் தமிழன்:
பார்த்தீர்களா! கேட்டரக்ட், கண்கட்டு. நான் சொல்லவே வேண்டியதில்லை, மருத்துவமனையே சொல்கிறது.

செராஸ் ஆசிரியை:
நோய்க்குப் பெயர் வைத்த பிறகுதான் கட்டு போடுகிறார்கள். கட்டு போட்டுவிட்டு நோயைத் தேடவில்லை. கேட்டரக்ட் என்பதற்குக் கிரேக்கத்தில் கீழே பாய்ந்து விழுவது என்று பொருள். அருவிக்கும் அதே சொல், கோட்டை வாசலில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவுக்கும் அதே சொல். கண்ணுக்குள் ஒரு கதவு இறங்கியதுபோல் பார்வை மறைவதால் நோய்க்கும் அது வந்தது. உங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் வழியில் அருவி இருக்கிறதே, ஐயா, அதையும் ஆங்கிலத்தில் கேட்டரக்ட் என்று சொல்லலாம். அதை யார் கட்டினார்?

பினாங்குத் தமிழன்:
அணை கட்டினார்கள்.

நூலகப்பூனை:
இதற்குமேல் நான் என்ன சொல்ல! கேட்டலாக்குக்கே வருகிறேன். அலெக்சாந்திரியா நூலகத்தின் சுருள்களுக்கு கல்லிமாக்கஸ் என்ற கவிஞர் 120 சுருள்களில் ஒரு பட்டியல் தயாரித்தார். அத்தனை பெரிய நூற்பட்டியலுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'பினாக்கெஸ்'. பலகைகள் என்று பொருள். அங்கே கட்டோலை போயிருந்தால் அதற்கல்லவா வைத்திருக்கவேண்டும்?

பட்டர்வொர்த் பாலு:
பினாக்கெஸ்! பினாங்கு! எங்கள் ஊர்ப் பெயர்!

பினாங்குத் தமிழன்:
சிரிக்க வேண்டாம், பாலு. ஆராயவேண்டிய விஷயம் இது.

செராஸ் ஆசிரியை:
பினாங் என்றால் மலாயில் பாக்கு. பாக்குமரத் தீவு. இதை ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

பினாங்குத் தமிழன்:
மலாய் என்று சொன்னீர்கள், நல்லதாயிற்று. மலாய்க்காரர் கப்பலைக் 'கப்பால்' என்றும், கடையைக் 'கெடை' என்றும், கட்டிலைக் 'காத்தில்' என்றும் எடுத்துக்கொண்டார்களா, இல்லையா? கட்டில் எதனால் கட்டில்? கட்டுவதால் கட்டில். அதே கட்டுதான் கேட்டலாக்கிலும்.

பட்டர்வொர்த் பாலு:
எங்கள் பக்கம், கெடா பக்கமெல்லாம் மாம்பழத்தை 'மெம்பெலாம்' என்பார்கள். கோலாலம்பூரில் கேட்டால் 'மங்கா' என்கிறார்கள். வடக்கேதான் தமிழ் சுத்தமாக இருக்கிறது.

நூலகப்பூனை:
மங்காவும் மாங்காய்தான், பாலு அண்ணே. எங்களுக்குக் காய், உங்களுக்குப் பழம். இதில் என்ன பெருமை?

பினாங்குத் தமிழன்:
பழுத்தவர்கள் நாங்கள். சரிதானே?

செராஸ் ஆசிரியை:
சொல் மட்டும் போனால் போதாது, ஐயா, பொருளும் கூடவே போகவேண்டும். யாரும் மறுக்காத அந்தக் கேட்டமரானையே பாருங்கள். நம் கட்டுமரம் நாலைந்து கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்தது. அதற்கு உள்கூடு கிடையாது, கடல் தண்ணீர் காலுக்கு மேலேயே புரளும். டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் அச்சிட்ட பயண நூலில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் இரண்டு உடல்களை மேலே ஒரு தளத்தால் இணைத்த படகு. உல்லாசப் பயணிகளைத் தீவுக்குக் கூட்டிப் போவது. அதில் எதையும் கயிற்றால் கட்டுவதில்லை. உண்மையான கடன்சொல்லுக்கே பொருள் இவ்வளவு நகர்ந்துவிட்டது, நீங்கள் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு...

பினாங்குத் தமிழன்:
அம்மா, இரண்டு உடல்களையும் இணைத்துக் கட்டியிருக்கிறார்களா, இல்லையா?

செந்தூல் வாசகன்:
இவரிடம் பேசுவதற்கு நான் கேட்டபல்ட்டை எடுக்கலாம்.

பினாங்குத் தமிழன்:
கவண்கட்டை! அதுவும் கட்டை! ரப்பரைக் கட்டித்தான் கவண் செய்கிறோம். ஒவ்வொன்றாக நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். நன்றி.

நெறியாளர்:
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். சொல்லைப் பற்றி மட்டும் பேசவும். 'கேட்டலாக்கு' பற்றிய பழைய திரிக்கான இணைப்புகளை மீண்டும் மீண்டும் ஒட்டியதால் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

பினாங்குத் தமிழன்:
நீக்கப்பட்ட இரண்டும் என்னுடையவை. செந்தூல்காரர் கவண் எடுப்பேன் என்றது நிற்கிறது. தலைநகரத்து நியாயம் இதுதான். ஜார்ஜ் டவுனில் ஒரு கூட்டம் வையுங்கள், நேரில் பேசிக்கொள்வோம். ஓலைச்சுவடியைக் கையில் கொண்டுவருகிறேன், கட்டோடு.

செந்தூல் வாசகன்:
கூட்டம் என்றால் ஏன் எப்போதும் நாங்களே வடக்கே வரவேண்டும்? நீங்கள் பஸ் ஏறி வாருங்கள். போனமுறை டிக்கெட் காசைப் பங்கு போடுவோம் என்று சொன்னவர்கள் யாரும் இன்னும் தரவில்லை.

பட்டர்வொர்த் பாலு:
அந்த டிக்கெட் கதையை இங்கே எடுக்காதீர்கள், அண்ணே. நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தேனே, அது கணக்கில் இல்லையா?

செந்தூல் வாசகன்:
குழம்பு மட்டும் ஊற்றிக் கொடுத்தீர்கள். மீன் முட்டைக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

நூலகப்பூனை:
இரண்டு பேரும் கணக்கை எழுதி வையுங்கள், நான் கேட்டலாக் போட்டுத் தருகிறேன்.

பினாங்குத் தமிழன்:
உணவுக் கதை போதும். அடுத்தது 'மேன்' என்று தொடங்கும் சொற்கள். மேண்டரின் என்று சீன அதிகாரியைச் சொல்கிறார்களே, அது நம் மந்திரி. மலாய் வழியாகப் போர்த்துக்கீசியரிடம் போனது. இதை எந்த அகராதியும் மறுக்காது. மேனேஜர், மேனுவல், மேன்ஷன் எல்லாம் அதே வேர்தான்.

செராஸ் ஆசிரியை:
மேண்டரின் சரி. மந்திரி மலாய்க்கு வந்தது சமஸ்கிருதத்திலிருந்து. மேனேஜரும் மேனுவலும் லத்தீனில் கை என்று பொருள்படும் 'மானுஸ்' வேரிலிருந்து வந்தவை. மேன்ஷனுக்கு அதுகூடக் கிடையாது, அது தங்குதல் என்ற வேறொரு லத்தீன் சொல்.

பினாங்குத் தமிழன்:
மந்திரி சமஸ்கிருதமா? அம்மா, இதை நான் விடமாட்டேன். தனித் திரி தொடங்குகிறேன். நாளைக் காலை பசியாறிவிட்டு வருகிறேன், எல்லோரும் இருங்கள்.

செந்தூல் வாசகன்:
மேன்ஷனை மட்டும் 'மண் சேனை' என்று எழுதிவிடாதீர்கள்.

பினாங்குத் தமிழன்:
மண் சேனை... தம்பி, பொறுங்கள், இதைக் குறித்துக்கொள்கிறேன்.