தட்டேக்காட்டில் தவளைவாயன்: குரலை ஒலிக்கவிட்டுத் தேடலாமா?

நிழல்காடு:
பிப்ரவரியில் கேரளாவில் இருக்கிற தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறேன். இலங்கைத் தவளைவாயனைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை, பகலெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருக்குமாம், பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாதாம். செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வந்துவிடும் என்கிறார் ஒருவர், கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) பட்டியலில் கவலை குறைந்த இனம், அதாவது அழியும் ஆபத்து இப்போதைக்குக் குறைவு, என்றுதானே இருக்கிறது, அப்புறம் ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஈற்றைக்காடு:
ஒலிக்கவிடாதீர்கள். நீங்கள் போவது இனப்பெருக்கக் காலம், தென்னிந்தியாவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தன் இடத்தில் வேறொன்று நுழைந்துவிட்டது என்று நினைத்துத்தான் அந்தக் குரலுக்கு அது பதில் கொடுக்கிறது, இருட்டியதும் பூச்சி பிடிக்க வேண்டிய நேரம் அதில் போய்விடும்.

அதோடு, அதற்குத் தேவையும் இல்லை. தொந்தரவு இல்லாவிட்டால் ஒரே கிளையில் மாதக்கணக்கில் பகலைக் கழிக்கும், உள்ளூர் வழிகாட்டிகளுக்கு அந்த இடங்கள் தெரியும். மேலே அண்ணாந்து தேடாதீர்கள். கொடிகளும் புதர்களும் பின்னிக்கிடக்கிற தாழ்வான பகுதியில், காய்ந்த இலைக் கொத்து மாதிரி ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்திருக்கும்: ஆண் சாம்பல் கலந்த பழுப்பு, பெண் செம்பழுப்பு. கண்ணைப் பாதி மூடி, அலகை மெதுவாக மேலே தூக்கினால் அது உங்களைப் பார்த்துவிட்டது, பயப்படுகிறது என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள், பின்வாங்கினால் இன்னும் நல்லது.

மழைத்தடம்:
கூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. இது இடுவது ஒரே ஒரு முட்டை. பாசியும் தன் மென்தூவியும் சேர்த்து, வெளியே மரப்பட்டைத் துணுக்கும் கற்பாசியும் ஒட்டிய சின்ன மெத்தைதான் கூடு, ஒரு கிளைமேல் இருக்கும். பகலில் ஆண் அடைகாக்கிறது, இரவில் பெண். பகலில் படம் எடுக்க நெருங்கி ஆணைக் கிளப்பிவிட்டால் அந்த வெள்ளை முட்டை அப்படியே வெளியே தெரியும். மறைக்கிற இலையை ஒடித்துவிட்டுப் படம் எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. அந்த இலைதான் கூட்டுக்கு நிழல், அதுதான் மறைப்பு. கூட்டுப் படங்களையே ஏற்றுக்கொள்ளாத பறவையாளர் குழுக்கள் இப்போது பல இருக்கின்றன, நல்ல விஷயம்.

பழையபாதை:
மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் பார்க்கவே போகாதீர்கள் என்பதுவரை நான் போகமாட்டேன். தட்டேக்காடு வெறும் 25 சதுர கி.மீ., பறவையியலாளர் சாலிம் அலி 1930களில் அங்கே பறவைகளைக் கணக்கெடுத்து அதன் அருமையை எழுதினார், சரணாலயமாக அறிவித்தது 1983இல்தான். அங்கே பறவை காட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கிற வரை, சரணாலயத்தை ஒட்டிய புதர்களை விட்டுவைக்க உள்ளூரிலேயே ஒரு காரணம் இருக்கும்.

கவலை குறைந்த இனம் என்பது மொத்தப் பரப்பையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. வெட்டியபின் மறுபடி வளர்ந்த காட்டிலும் காட்டோரத் தோட்டங்களிலும்கூட இது இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கீழ்த்தட்டுச் செடிகொடிகளைச் சுத்தமாக வெட்டி, பூச்சிமருந்தும் அடித்துவிட்ட தோட்டத்தில் பகலில் ஒளிய இடமில்லை, இரவில் தின்னப் பூச்சியில்லை. மேலே மரம் நிற்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதாகத்தான் தோன்றும்.

நிழல்காடு:
நன்றி, ஒலிப்பதிவு வேண்டாம் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குரலை இயல்பாகக் கேட்க எந்த நேரம் சரி?

ஈற்றைக்காடு:
அந்தி மயங்கும்போதும் விடியலுக்குச் சற்று முன்பும். பெண்ணின் குரல் கரகரப்பான அலறல், கீழிறங்கி முடியும். அது கூப்பிட்டதும் டார்ச் அடிக்காதீர்கள். பகலில் போனால் ஓரிரு படங்கள் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், எடுத்த இடத்தைப் பொதுவில் பகிர வேண்டாம்.