பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு நிக்கலாமுங்களா?

பெருந்துறைப் பக்கம்:
வணக்கமுங்க. எங்க நங்கையா (அண்ணி) பெருந்துறை ஒன்றியத்துல ஒரு அரசு நடுநிலைப் பள்ளியோட மேலாண்மைக் குழுத் தலைவி. 2024-ல குழுவை மறுகட்டமைப்புப் பண்ணினப்போ பெற்றோருங்க எல்லாம் சேர்ந்து தேர்ந்தெடுத்தாங்க. பையன் எட்டாவது படிக்கிறான். அடுத்த ஊராட்சித் தேர்தல்ல வார்டு உறுப்பினருக்கு நிக்கணும்னு இருக்காங்க. தலைவி பொறுப்பை விட்டுட்டுத்தான் மனு போடணுமா? என்னென்ன தயார் பண்ணி வைக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:
விட வேண்டியதில்லைங்க. அது சம்பளமோ மதிப்பூதியமோ இல்லாத பொறுப்பு. அரசு ஊழியர், உள்ளாட்சி ஊழியர்னாத்தான் தகுதி போகும். ஆனா ஒண்ணைக் கவனிங்க: குழுவுல இருக்கறதுக்கே அடிப்படை, பிள்ளை அந்தப் பள்ளியில படிக்கறது. பையன் எட்டாவது முடிச்சு மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டா, பெற்றோர்ங்கற முறையில அவங்க இடம் அதோட முடிஞ்சுரும். தேர்தல் அதுக்கப்புறம் வந்தா, ஓட்டு கேக்கற நோட்டீஸ்ல "தலைவி"ன்னு போடக்கூடாது, "முன்னாள் தலைவி"ன்னுதான் போடணும்.

மனு தள்ளுபடி ஆகறது பெரும்பாலும் வேற இடத்துல. வயசு 21 முடிஞ்சிருக்கணும். ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரி, தண்ணிக் கட்டணம், போன வருஷம் வரைக்கும் பாக்கி நின்னு, அதுக்கு நோட்டீஸும் வந்து, கெடுவும் தாண்டியிருந்தா ஆகாது. வரி மாமனார் பேர்ல இருக்கும், "எனக்கென்ன"ன்னு இருந்துராதீங்க. குடும்பத்துப் பாக்கி எல்லாத்தையும் இப்பவே கட்டி ரசீதை ஒரு கவர்ல போட்டு வைங்க. மனு பரிசீலனை அன்னைக்கு ரசீதைத் தேடிட்டு ஓட முடியாது.

அதே மாதிரி அவங்க பேர்லயே ஊராட்சியோட ஒப்பந்த வேலை ஏதாச்சும் நடப்புல இருந்தா, மனுப் போடறதுக்கு முன்னாடி முடிச்சுக்கோணும்.

ஓடாநிலை:
மேலே சொன்னது சரி. ஆனா நான் முதல்ல பாக்கச் சொல்றது வாக்காளர் பட்டியலைத்தான். பள்ளிக்கூடத்து எல்லை வேற, வார்டு எல்லை வேற. பெற்றோர் கூட்டத்துல கைதட்டினவங்க எல்லாம் அந்த வார்டு ஓட்டுன்னு நினைச்சுட்டு இறங்கறவங்க நிறையப் பேர்.

பள்ளி வருகைப் பதிவுல இருக்கற குடும்பங்களை எடுத்துக்குங்க. பாதி பக்கத்து வார்டா இருக்கும், சிலது பக்கத்து ஊராட்சியா இருக்கும். சிப்காட், மில்லு, லைன் வீட்டுப் பக்கம்னா வடமாநிலக் குடும்பங்களும் இருக்கும். அந்த அம்மாக்கள் கூட்டத்துக்குத் தவறாம வருவாங்க, ஆனா ஓட்டு அவங்க ஊர்ல. இதையெல்லாம் கழிச்சுட்டு மிஞ்சறதுதான் கணக்கு.

இன்னொரு சிக்கல், தோட்டத்துச் சாளை (தோட்டத்துக்குள்ள இருக்கற வீடு). கதவு எண் ஒழுங்கா இருக்காது. ஒரே காட்டுல இருக்கற அண்ணன் தம்பி வீட்டு ஓட்டு ரெண்டு வார்டுல கெடக்கும். பேரே இல்லைன்னா படிவம் 6, இடம் மாறியிருந்தா படிவம் 8. சட்டமன்றப் பட்டியலை வெச்சுத்தான் உள்ளாட்சிப் பட்டியலை வார்டு வாரியாப் பிரிக்கறாங்க, அதனால அங்க திருத்தினாத்தான் இங்க வரும். தேர்தல் அறிவிச்ச பிறகு ஓடறதை விட இப்பவே செய்யறது நல்லது.

ஒரே ஊராட்சிக்குள்ள எந்த வார்டுலயும் நிக்கலாம். முன்மொழியறவர் மட்டும் அந்த வார்டு வாக்காளரா இருக்கணும். ஆனா நிக்கற வார்டு வேற, சொந்த ஓட்டு வேற வார்டுன்னா என்ன ஆகும்னு 2021 அக்டோபர்ல கோவை குருடம்பாளையம் 9-ஆவது வார்டு இடைத்தேர்தல்ல பார்த்தோம். ஒரு வேட்பாளருக்கு ஒரே ஓட்டு. குடும்பத்து ஓட்டெல்லாம் வேற வார்டுல இருந்துச்சு. நாடே அவரைக் கேலி பண்ணுச்சு, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்.

பெருந்துறைப் பக்கம்:
ரொம்ப நன்றிங்க. வார்டு இன்னும் பெண்கள் வார்டா பொது வார்டான்னே தெரியலை. பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவுல இப்பவே சொல்லி வைக்கலாமுங்களா? அப்புறம் பள்ளிக் கணக்கை வெச்சு எதிர்ல நிக்கறவங்க ஏதாச்சும் கிளப்புவாங்களோன்னு அவங்களுக்கு பயம்.

காளிங்கராயன் வாய்க்கால்:
வார்டு ஒதுக்கீடு அரசிதழ்ல வர்றவரைக்கும் யார் சொன்னாலும் நம்பாதீங்க. பாதி இடம் பெண்களுக்கு. பொது வார்டா வந்தாலும் அவங்க நிக்கலாம், அதுல தடையே இல்லை.

வாட்ஸப் குழுவைத் தொடவே தொடாதீங்க. அது பள்ளியோடது, தலைமை ஆசிரியர் இருக்காரு, அவரு அரசு ஊழியர். நாளைக்குத் தேர்தல் பணிக்குப் போறவரும் அவர்தான். புகார் போனா அவருக்குத்தான் சிக்கல். பள்ளிக் கூட்டம், பள்ளி வளாகம், பள்ளி முத்திரை எதுலயும் ஓட்டுப் பேச்சு வேண்டாம்.

கணக்கு விஷயத்துல அவங்க பயம் நியாயம்தான். குழுவோட வங்கிக் கணக்குல தலைவியும் தலைமை ஆசிரியரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடணும். நடக்கற தப்பு என்னன்னா, "அடிக்கடி வர வேண்டாமுங்க"ன்னு சொல்லி அஞ்சாறு காசோலையில தொகை எழுதாம முன்னாடியே கையெழுத்து வாங்கிக்கறது. நல்ல எண்ணத்துல செஞ்சாலும் அது பின்னாடி கழுத்துக்கு வரும். தீர்மானப் பதிவேட்டுல வேலை, தொகை, தேதி எழுதி உறுப்பினர்கள் கையெழுத்து விழுந்த பிறகுதான் காசோலை.

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பிள்ளைங்க எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 வரை 10,000 ரூபாய், 31-லிருந்து 100 வரை 25,000, 101-லிருந்து 250 வரை 50,000. அதுல பத்துல ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. எந்த வருஷம் எவ்வளவு வந்துச்சு, குழாய்க்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு, ரசீது எண் என்னன்னு ஒரு தாள்ல எழுதி, தீர்மான நகலோட அவங்க கையில வெச்சுக்கட்டும். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

அதைவிட முக்கியம் கிராம சபை. 2025 ஜனவரி 5-ஓட நம்ம மாவட்டங்கள்ல ஊராட்சிப் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்தாலும் சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துல இருக்கற சுற்றுச்சுவர், கழிப்பறைத் தண்ணி மாதிரி ஊராட்சி செய்ய வேண்டிய வேலையை எழுத்துல கொடுத்துத் தீர்மானமாக்கச் சொல்லுங்க. நிக்கற வார்டுல பிள்ளை இல்லாத வீட்டுக்காரங்களும் அவங்களைப் பார்க்கற இடம் அது ஒண்ணுதான். நான் இதை மட்டும் அழுத்திச் சொல்றேன்.

மேட்டாங்காடு:
செலவு விவரம் யாரும் சொல்லலை. 2019 தேர்தல்ல வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கு, பழங்குடியினருக்கு 100. செலவு உச்சவரம்பு 9,000. அடுத்த அறிவிப்புல மாறியிருக்கான்னு பார்த்துக்கணும்.

ஜெயிச்சாலும் தோத்தாலும், முடிவு அறிவிச்ச 30 நாளுக்குள்ள செலவுக் கணக்கைக் கொடுத்தே ஆகணும். 200 ரூபாய் தேர்தல்தானேன்னு விட்டவங்க மூணு வருஷத்துக்குத் தகுதி இழந்திருக்காங்க. மனுப் போட்ட அன்னைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சுருங்க.

வார்டுல 400 ஓட்டு, 300 விழுது, மூணு பேர் நிக்கறாங்கன்னா 110-லேயே ஜெயிச்சுரலாம். சமமா வந்தா குலுக்கல். அதனால செல்லாத ஓட்டு ஒவ்வொண்ணும் வலிக்கும். ஊராட்சியில மிஷின் கிடையாது, சீட்டுதான். நாலு சீட்டு கையில கொடுப்பாங்க: வார்டுக்குப் பெரும்பாலும் வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வார்டுக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் இல்லை. வயசானவங்க கட்சிச் சின்னத்தைத் தேடி, வெள்ளையில அது இல்லைன்னதும் அப்படியே மடிச்சுப் போட்டுருவாங்க. வீடு வீடாப் போறப்போ "வெள்ளைச் சீட்டு, இந்தச் சின்னம்"னு ரெண்டையும் சேர்த்தே சொல்லணும். முத்திரை ரெண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டுல விழக்கூடாது; மை காயறதுக்குள்ள மடிச்சா எதிர்ப்பக்கம் ஒட்டும், குறுக்கால மடிக்காம நெடுக்கால முதல்ல மடிக்கச் சொல்லுங்க.

பெருந்துறைப் பக்கம்:
நங்கையாகிட்ட படிச்சுக் காட்டிட்டேனுங்க. நாளைக்கு வீட்டு வரி ரசீதும் வாக்காளர் பட்டியலும் பாத்துடறோம். அவங்க மாமியார் வீட்டு ஓட்டு நாலும் 3-ஆவது வார்டா 4-ஆவது வார்டான்னு இப்பவே சந்தேகம் வந்துருச்சு.