லொகேஷன் அனுமதி ரெண்டு தடவை கேட்டா ஐஓஎஸ் பிழையாம்!

பிழைதேடி:
பக்கத்துத் திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "கோர்டோவா ஆப் ஐபோன்ல லொகேஷன் அனுமதியை ரெண்டு தடவை கேக்குறது ஐஓஎஸ் பிழை, ஒண்ணும் பண்ண முடியாது." (கோர்டோவான்னா வெப்பக்கத்தையே ஆப்பா மாத்துற கருவி.) அவர் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை அவரே பார்க்கலை போல. முதல் பெட்டியில ஆப் பேர். ரெண்டாவதுல இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்னு முடியுற ஃபைல் பாதை. கோர்டோவா தயார்னு சொல்ற டிவைஸ்ரெடி நிகழ்வு வர்றதுக்கு முன்னாடியே, லொகேஷன் கேக்குற நேவிகேட்டர்.ஜியோலொகேஷனைக் கூப்பிட்டா கோர்டோவாவோட லொகேஷன் ப்ளக்இன் இன்னும் வந்து உக்காந்திருக்காது, வெப்வியூவோட (ஆப்புக்குள்ள பக்கத்தைக் காட்டுற பிரவுசர்) சொந்த ஃபங்ஷன்தான் ஓடும். அதனால ஆப்புக்கு ஒரு பெட்டி, பக்கத்துக்கு ஒரு பெட்டி. அழைப்பை டிவைஸ்ரெடிக்குள்ள போடுங்க.

நேட்டிவ்நாட்டாமை:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஐஓஎஸ் 13-லேருந்து "எப்போதும்" அனுமதி கேட்டா முதல்ல "பயன்படுத்தும்போது மட்டும்" பெட்டிதான் வரும். ஆப் பின்னணியில லொகேஷன் எடுத்த பிறகு ஐஓஎஸ் தானாவே இன்னொண்ணு கேக்கும். அதை உங்க டிவைஸ்ரெடி தடுக்குமா?

பிழைதேடி:
அந்தப் பெட்டியிலயும் ஆப் பேர்தான் வரும், "எப்போதும்"னு மாத்தவான்னு கேக்கும். உங்க ஸ்கிரீன்ஷாட்ல ரெண்டாவது பெட்டியில யார் பேர் இருக்கு?

ரோபோராசா:
ஆண்ட்ராய்டுலயும் இந்தக் கூத்து உண்டு. ஆன்ரெஸ்யூம்ல (திரை முன்னுக்கு வரும்போதெல்லாம் ஓடுற ஃபங்ஷன்) அனுமதி கேட்டா, பெட்டி மூடினதும் ஆன்ரெஸ்யூம் திரும்ப ஓடும், மறுத்தவனையே மறுபடி கேக்கும். ஆண்ட்ராய்டு 11-லேருந்து ரெண்டு மறுப்புக்கு மேல பெட்டியே வராது. சரியா ரெண்டு!

பிழைதேடி:
தலைப்புல ஐஓஎஸ்னு போட்டிருக்கு ராசா.

ரோபோராசா:
ஐபோன் வெச்சிருந்தாத்தான் இங்க பேசணுமா?

நேட்டிவ்நாட்டாமை:
கோர்டோவாவைத் தூக்கிப் போட்டுட்டு ஆப்பிளோட ஸ்விஃப்ட் மொழியில எழுதினா இந்தப் பேச்சே இல்லை.

பிழைதேடி:
ஸ்விஃப்ட் ஆப்ல டபிள்யூகேவெப்வியூ (ஐஓஎஸ்ஸோட வெப்வியூ) வெச்சு, உள்ள இருக்கிற பக்கம் லொகேஷன் கேட்டாலும் ரெண்டு பெட்டி வரும். ரெண்டாவதுல அந்தத் தளத்தோட பேர் இருக்கும். மறுபடி கேக்குறேன், உங்க ரெண்டாவது பெட்டியில யார் பேர்?

வரைபடவாசி:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. என் கோட்ல எல்லாமே டிவைஸ்ரெடிக்குள்ளதான் இருக்கு. ஆனாலும் ரெண்டு வருது.

பிழைதேடி:
லீஃப்லெட் மேப் லைப்ரரி வெச்சிருக்கீங்களா? அதோட லொகேட்டும் நேவிகேட்டர்.ஜியோலொகேஷனைத்தான் கூப்பிடும். மேப் உருவாக்குற ஃபைல் டிவைஸ்ரெடிக்கு வெளியே ஓடுதான்னு பாருங்க. கோர்டோவா.ஜேஎஸ் ஸ்கிரிப்ட் வரி விட்டுப்போயிருந்தா டிவைஸ்ரெடியே வராது, அதையும் பாருங்க. அழைப்புக்கு நேர் மேல நேவிகேட்டர்.ஜியோலொகேஷனோட கெட்கரண்ட்பொசிஷன் ஃபங்ஷனை டூஸ்ட்ரிங் போட்டு (அதோட கோடை எழுத்தாக்கி) கன்சோல்ல அச்சடிங்க. "நேட்டிவ் கோட்"னு வந்தா ப்ளக்இன் இன்னும் வரலைன்னு அர்த்தம். ஒவ்வொரு சோதனைக்கும் ஆப்பை அழிச்சுட்டுப் புதுசா நிறுவுங்க. இல்லேன்னா பழைய பதிலே நிக்கும், பெட்டி வராம போகலாம், சரியாயிடுச்சுன்னு ஏமாந்துடுவீங்க.

நேட்டிவ்நாட்டாமை:
"ஒருமுறை மட்டும்" அழுத்தினா அடுத்த தடவை திறக்கும்போது மறுபடி கேக்கும். அதைச் சொல்லவே இல்லையே மேதை?

பிழைதேடி:
அது அடுத்த தடவை. இங்க ஒரே தடவையில ரெண்டு, அடுத்தடுத்து. ஸ்கிரீன்ஷாட்ல மணி கூட ஒண்ணுதான்.

நேட்டிவ்நாட்டாமை:
பேட்டரித் திரியிலயும் இப்படித்தான் கடைசி வார்த்தை உங்களோடதா இருக்கணும்னு நின்னீங்க.

பிழைதேடி:
பேட்டரியை அங்க பேசிக்கலாம். யார் பேர்?

ரோபோராசா:
ஸ்கிரீன்ஷாட்டையே தூக்கிட்டாரு பாருங்க.

நேட்டிவ்நாட்டாமை:
அளவு பெருசா இருந்துச்சு, அதான் எடுத்தேன். ஆப்பிள் பண்றது பிழைதான்.