1951 ஷெவர்லே 3100 பக்கி: கிளட்ச் மாற்றும்போதே ஓவர்டிரைவும் பொருத்தலாமா?

டோங்காட்_51 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 1951ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் தொழிற்சாலையில் கோத்து இறக்கிய வலப்பக்க ஸ்டியரிங் வண்டி. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், மூன்று கியர், 4.11 விகித டிஃபரென்ஷியல், 6 வோல்ட் பேட்டரி என்று எல்லாமே வந்தபடியே இருக்கின்றன, டயர் 6.00-16.

கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. புறப்படும்போது வண்டி உதறுகிறது. கீ ரிட்ஜ் ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்தால் எஞ்சின் சத்தம்தான் கூடுகிறதே ஒழிய வேகம் கூடுவதில்லை. ஆண்டுதோறும் தைப்பூசக் காவடியின்போது முருகனை ஏற்றிக்கொண்டு நடைவேகத்தில் ஊர்வலம் போவதும் இதே வண்டிதான். மற்ற நாட்களில் மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு என்3 நெடுஞ்சாலையில் போய் வருகிறோம். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே எஞ்சின் அலறுவதைக் கேட்கப் பொறுக்காமல், பாரவண்டிகளுக்கு வழிவிட்டு இடது ஓரமாகவே ஓட்ட வேண்டியிருக்கிறது.

எப்படியும் கியர்பாக்ஸைக் கழற்றத்தான் போகிறோம் என்பதால், அந்த வேலையோடு ஓவர்டிரைவ் (அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) ஒன்றையும் பொருத்திவிடலாமா? எந்த வகை பொருந்தும்? பின் ஆக்சிலில் 3.55 பல்சக்கர ஜோடியைப் போட்டால் போதும், ஓவர்டிரைவ் வீண் செலவு என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அது சரிதானா?

மாரிட்ஸ்பர்க் பட்டறை பதில்:

தம்பி, ஓவர்டிரைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை சுழலும் ஷாஃப்ட் உங்கள் கண்ணில் படாது. பருத்த குழாய் ஒன்றுதான் தெரியும். அதைத்தான் டார்க் டியூப் என்கிறோம். ஷாஃப்ட் அந்தக் குழாய்க்குள் சுழல்கிறது. குழாயோ சும்மா ஒரு மூடி அல்ல. சக்கரங்கள் வண்டியை முன்னே தள்ளும் விசை முழுவதும் அதன் வழியாகவே கியர்பாக்ஸின் பின்புறக் குமிழ் மூட்டுக்கு வந்து சேர்கிறது. 1954 வரை அரை டன் 3100 வண்டிகள் இப்படித்தான் வந்தன. ஆகவே இந்த வண்டியில் ஓவர்டிரைவ் பொருத்துவது என்பது கியர்பாக்ஸ் வேலை மட்டும் அல்ல. பின் ஆக்சிலையும் சேர்த்துத் தொடுகிற வேலை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.26 மீட்டர் உருளும். 4.11 டிஃபரென்ஷியலோடு டாப் கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,030 சுற்று சுற்ற வேண்டும். இந்த எஞ்சின் தன் முழுத் திறனான 92 குதிரைசக்தியைக் கொடுப்பதே 3,400 சுற்றில்தான். அதோடு 216இன் கனெக்டிங் ராடுகளில் இருப்பவை வார்த்து ஊற்றிய பாபிட் (மென்மையான உலோகக் கலவை) பேரிங்குகள். எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தாமல், ராடின் அடியில் உள்ள அகப்பை அள்ளிக்கொள்ளும் முறையில் உயவு நடக்கிறது. மணிக்கணக்கில் 3,000 சுற்றில் ஓட்டினால் அந்தப் பேரிங்குகள் நெடுநாள் தாங்கா. நீங்கள் அலறல் என்று சொல்வது நியாயமான எச்சரிக்கை.

3.55 பல்சக்கரம் போட்டால் அதே 100 கி.மீ. வேகத்தில் சுற்று 2,620 ஆகக் குறையும். 1950 முதல் 1954 வரை வந்த பவர்கிளைடு (தானியங்கி கியர்) ஷெவர்லே கார்களின் 3.55 ஜோடி இந்த ஆக்சில் கூட்டுக்குள் பொருந்துகிறது. டார்க் டியூபும் அப்படியே இருக்கும். பட்டறைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்கள் காவடி ஊர்வலத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் முதல் கியரின் விகிதம் 2.94. எஞ்சின் 500 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது, கிளட்சை முழுவதும் விட்டால் இப்போது வண்டி மணிக்கு 5.6 கி.மீ. வேகத்தில் நகரும். காவடி எடுத்து ஆடி வரும் கூட்டம் அதில் பாதி வேகத்தில்கூட நகராது. அதனால்தான் ஓட்டுநர் ஊர்வலம் முழுவதும் கிளட்சைப் பாதி மிதித்தபடியே இருக்கிறார். உங்கள் கிளட்ச் லைனிங் கருகியதற்குப் பெரும்பங்கு காரணம் அதுவாகவே இருக்கும். 3.55 போட்டால் அதே ஐட்லிங்கில் வேகம் 6.5 கி.மீ. ஆகிவிடும், புதுக் கிளட்ச் இன்னும் சீக்கிரம் போகும். நெடுஞ்சாலைக்கு நீளமான விகிதமும் ஊர்வலத்துக்குக் குட்டையான விகிதமும் ஒரே வண்டியில் வேண்டுமென்றால், 4.11 விகிதத்தை மாற்றாமல் ஓவர்டிரைவ் போடுவதுதான் வழி.

எனக்குப் பிடித்தது போர்க்-வார்னர் ஆர்10 பொருத்திய மூன்று கியர் பெட்டி. 1955 முதல் ஷெவர்லே கார்களிலேயே இது விருப்பத் தேர்வாக வந்தது. விகிதம் 0.70; 100 கி.மீ. வேகத்தில் சுற்று 2,120க்கு இறங்கிவிடும். 6 வோல்ட் சொலினாய்டும் ரிலேயும் உண்டு என்பதால் மின்னமைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஏறத்தாழ 45 கி.மீ. வேகத்துக்கு மேல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓவர்டிரைவ் தானாக விழும். அவசரமாக முந்த வேண்டுமென்றால் பெடலைத் தரை வரை மிதித்தால் நேர் கியருக்குத் திரும்பும். இரண்டாவது கியரிலும் அது வேலை செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1.68ஐ 0.70ஆல் பெருக்கினால் 1.18, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இல்லாதிருந்த ஒரு கியர் அங்கே கிடைக்கிறது. கீ ரிட்ஜுக்கு அதுதான் மருந்து.

ஆனால் இதற்குத் திறந்த ஷாஃப்டும், அதற்கேற்ற ஆக்சிலும் வேண்டும். 1955இல் வந்த புதிய வடிவ 3100இன் ஆக்சில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டர்பனில் எளிதாகக் கிடைப்பது டொயோட்டா ஹைலக்ஸ் ஆக்சில். ஆறு போல்ட் ஹைலக்ஸின் போல்ட் வட்டமும் ஷெவர்லேயின் போல்ட் வட்டமும் ஒன்றே, 139.7 மி.மீ. அகலத்தையும் விகிதத்தையும் அளந்து பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் இருக்கைகளை வெல்டிங் செய்யும்போது, டிஃபரென்ஷியல் மூக்கும் கியர்பாக்ஸ் வாலும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் இருக்கின்றனவா என்று வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் நிலையில் பார்த்த பிறகே முழுப் பற்றவைப்பைச் செய்ய வேண்டும். டார்க் டியூப் ஏற்றிருந்த விசையை இனி ஸ்பிரிங் கட்டுகள் ஏற்கப்போவதால், தளர்ந்த ஷாக்கிள் புஷ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

சாட்ஸ்வர்த்_லேலண்ட் பதில்:

மேலே அண்ணன் சொன்ன கணக்கில் குறையில்லை; ஆர்10 பற்றிய முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த அமைப்பில் டேஷ்போர்டின் அடியில் உள்ள கைப்பிடி உள்ளே தள்ளியிருக்கும்போது, குறைந்த வேகத்தில் வண்டி ஃப்ரீவீலில் ஓடும். அதாவது காலை எடுத்தால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. 35 கி.மீ. வேகத்துக்குக் கீழே இறக்கத்தில் ஊர்ந்து வரும்போது, நான்கு டிரம் பிரேக்குகளைத் தவிர வேறு எதுவும் வண்டியைத் தாங்காது. பைன்டவுனை நோக்கி இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் 2013ஆம் ஆண்டு பாரவண்டி ஒன்று டாக்சிகள்மீது மோதி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த மாகாணத்துச் சாலைகளில் எஞ்சின் பிடிமானம் இல்லாத வண்டியை வீட்டிலுள்ள எல்லார் கையிலும் கொடுக்க நான் துணிய மாட்டேன்.

என் பரிந்துரை லேகாக் டி நார்மன்வில் ஏ வகை ஓவர்டிரைவ். ஜாகுவார் மார்க் 2, ஆஸ்டின்-ஹீலி 3000 போன்ற பிரிட்டிஷ் கார்களில் வந்ததால் நம் நாட்டுப் பழைய வண்டிப் பட்டறைகளுக்கு அது புதியதல்ல. 3.8 லிட்டர் ஜாகுவாரின் முறுக்குவிசையைத் தாங்கியது, 216ஐத் தாராளமாகத் தாங்கும். விகிதம் 0.778, 100 கி.மீ. வேகத்தில் சுற்று 2,360. அதில் ஃப்ரீவீல் கிடையாது. கூம்பு வடிவக் கிளட்ச் நேர் கியரிலும் ஓவர்டிரைவிலும் இறுகப் பிடித்திருப்பதால் எஞ்சின் எப்போதும் வண்டியைத் தாங்கும்.

இதற்கும் திறந்த ஷாஃப்ட் வேண்டும் என்பது மாறாது. கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தனியாகத் தொங்கவிட, உள்ளே நுழையும் ஷாஃப்டையும் எண்ணெய்ப் பம்பை ஓட்டும் கேமையும் நல்ல லேத் பட்டறையில் கடைய வேண்டும். சொலினாய்டு 12 வோல்ட். இழுக்கும் கணத்தில் ஏறத்தாழ 17 ஆம்பியர் எடுக்கும், பிடித்திருக்கும்போது 1 ஆம்பியர் போதும். எனவே ரிலே கட்டாயம், மின்னமைப்பையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஓவர்டிரைவ் விழுந்த நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிவிடும் என்பதால், டாப் கியரில் மட்டும் மின்சாரம் போகும்படி கியர் லிங்கேஜில் ஒரு சுவிட்ச் வையுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மாரிட்ஸ்பர்க் பட்டறை பதில்:

ஃப்ரீவீல் குறித்துச் சொன்னது உண்மை, அதை மறுக்கவில்லை. அதற்காகத்தான் டேஷ்போர்டின் அடியில் பூட்டும் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்து எஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும் நிலையில் கைப்பிடியை வெளியே இழுத்தால், சாதாரண மூன்று கியர் வண்டியாகிவிடும். ஃப்ரீவீலில் உருளும்போது இழுத்தால் பற்கள் உரசும். வண்டியை ஒருவரே ஓட்டுவதாக இருந்தால் ஆர்10, பலர் கை மாறுவதாக இருந்தால் லேகாக் என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்10 போட்டவர் நிறுத்தும்போது கியரில் விட்டுப் போவதை நம்பக் கூடாது. ஹேண்ட்பிரேக் சரியாக இருக்க வேண்டும்.

டோங்காட்_51 கேட்டது:

இருவருக்கும் நன்றி. வண்டியை என் தம்பியும் மாமாவும் ஓட்டுவதால் லேகாக் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் ஆக்சிலும் ஓவர்டிரைவும் தேடிப் பிடிக்கச் சில மாதங்கள் ஆகலாம். காவடி அதற்கு முன்பே வந்துவிடும். கிளட்சை மட்டும் இப்போது மாற்றினால், பிறகு அதே வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்குமா? மாற்றும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மாரிட்ஸ்பர்க் பட்டறை பதில்:

லேகாக்கைத் தனியாகத் தொங்கவிடுவதாக இருந்தால் கிளட்ச் வேலை வீணாகாது. பின்னால் வேலை செய்யும்போது கியர்பாக்ஸை எஞ்சினிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. அதன் வால் பகுதியைத் திறந்த ஷாஃப்டுக்கு மாற்றினால் போதும். வேறு கியர்பாக்ஸ் போடும் எண்ணம் இருந்தால் மட்டும், அதன் உள்ளீட்டு ஷாஃப்டின் பற்களை எண்ணிப் பார்த்த பிறகு கிளட்ச் பிளேட் வாங்குங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் எஞ்சினின் பின்பகுதியை ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்துத் தாங்குங்கள். இந்த வண்டியில் எஞ்சினின் பின் மவுன்டுகள் பெல் ஹவுசிங்கில்தான் இருக்கின்றன. டார்க் டியூபின் முன்முனையைக் குமிழ் மூட்டிலிருந்து விடுவித்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தி ஆக்சிலைப் பின்னுக்கு நகர்த்தினால்தான் கியர்பாக்ஸ் வெளியே வர இடம் கிடைக்கும். அமெரிக்க வழிகாட்டிப் படங்களில் கிளட்ச் பெடல் லிங்கேஜ் இடப்பக்கம் இருக்கும். உங்களுடையது வலப்பக்க வண்டி, கழற்றும் முன் நான்கு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹவுசிங்குக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது. தென்னாப்பிரிக்கா அஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 2008இல்தான். உங்கள் பழைய லைனிங்கில் அது இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

உதறலுக்குத் தேய்ந்த பிளேட் மட்டும் காரணமாக இராது. ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகளோ மயிரிழை விரிசல்களோ இருந்தால் கடைசல் கொடுக்க வேண்டும். பின் மெயின் பேரிங் வழியாக எண்ணெய் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கிறதா, மவுன்ட் ரப்பர்கள் நசுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவற்றை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் உதறல் திரும்ப வரும்.

கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷை உளியால் நெம்பாமல், அதன் துளை நிறையக் கிரீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு கம்பியை நுழைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸின் அழுத்தமே புஷ்ஷை வெளியே தள்ளிவிடும். புதியதை ஓர் இரவு எஞ்சின் எண்ணெயில் ஊறவிட்டுப் பொருத்துங்கள்.

ரிலீஸ் பேரிங்கில் ஏமாறுபவர்கள் அதிகம். ஷெவர்லேக்குக் குட்டையும் நெட்டையுமாக வெவ்வேறு நீளத்தில் அது கிடைக்கிறது. அது அழுத்தும் கிளட்ச் டயஃப்ராம் ஸ்பிரிங்கின் விரல்கள் வளைந்திருந்தால் குட்டை, தட்டையாக இருந்தால் நெட்டை. தவறியதைப் போட்டால் பெடல் எந்த அளவிலும் சரிப்படாது. பழையதையும் புதியதையும் மேசைமேல் அருகருகே நிறுத்தி அளந்த பிறகே உள்ளே விடுங்கள்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது மேல் இரண்டு துளைகளிலும் தலை வெட்டிய நீண்ட போல்ட்டுகளை வழிகாட்டியாகத் திருகிக்கொண்டு, அவற்றின்மேல் சறுக்கித் தள்ளுங்கள். பாதி நுழைந்த நிலையில் கியர்பாக்ஸின் எடை கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கினால், புதுப் பிளேட்டே கோணிவிடும். கடைசியாகப் பெடலின் சும்மா ஆட்டத்தை முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை வைத்து, லைனிங் படிந்த பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள்.

சாட்ஸ்வர்த்_லேலண்ட் பதில்:

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். லேகாக் வந்த பிறகு அதில் சாதாரண எஞ்சின் எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். டிஃபரென்ஷியலுக்கு ஊற்றும் ஈபி (கடும் அழுத்தம் தாங்கும்) வகை எண்ணெயோ, உராய்வைக் குறைக்கும் கூட்டுப்பொருளோ கலந்தால் கூம்புக் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஊர்வலத்துக்கு மட்டும் வேறொரு வழியும் இருக்கிறது: இதே 3100க்கு அந்நாளிலேயே நான்கு கியர் எஸ்எம்420 பெட்டி டார்க் டியூபோடு வந்தது. அதன் முதல் கியர் 7.05, ஐட்லிங்கில் 2.3 கி.மீ. வேகம், கிளட்சைத் தொடவே வேண்டாம். பழைய வண்டி உதிரிகளில் அது கண்ணில் பட்டால், கிளட்ச் வேலையைத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.