உழைப்பா, பிறவித் திறனா: தொழில்முறைக் கூடைப்பந்தில் எதற்கு எடை அதிகம்?

அரைக்கோடு கேட்டது:

கூடைப்பந்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் நண்பர் ஒருவருக்கும் எனக்கும் தீராத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.-யில் நிலைத்து நிற்பவர்கள் எல்லோரும் உழைப்பால் நின்றவர்களே என்பது அவர் கட்சி. அதற்கு அவர் எப்போதும் கொண்டுவரும் சாட்சி மக்ஸி போக்ஸ். 160 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒருவர், அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் 1987-இல் 12-ஆவது ஆளாகத் தேர்வு செய்யப்பட்டு 14 சீசன்கள் ஆடியிருக்கும்போது, உயரம், உடல்வாகு என்ற பேச்செல்லாம் சோம்பேறிகள் சொல்லும் சாக்கு என்கிறார்.

என் சாட்சி மைக்கேல் ஜோர்டன். 1994-இல் அவர் கூடைப்பந்தை விட்டுவிட்டு, பர்மிங்காம் பாரன்ஸ் என்னும் இரண்டாம் தர பேஸ்பால் அணியில் ஒரு சீசன் ஆடினார். உழைப்புக்குப் பெயர்போன அதே மனிதர், அதே பிடிவாதம், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற அதே நெருக்கடி. சீசன் முடிவில் அவருடைய பேட்டிங் சராசரி .202, அதாவது பந்தை அடிக்கக் கிடைத்த ஐந்து வாய்ப்பில் ஏறத்தாழ ஒன்றே பலித்தது. உழைப்பு மாறவில்லை, ஆட்டம் மட்டுமே மாறியது, விளைவு தலைகீழாகிவிட்டது. அப்படியானால் வேறுபாட்டை உண்டாக்கியது திறன்தானே என்று நான் கேட்டால், நண்பர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இரண்டும் தேவை என்ற பதில் எனக்கும் தெரியும். அதைத் தயவுசெய்து எழுத வேண்டாம். தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டவர்களிடையே, மூன்று ஆண்டில் காணாமல்போகும் ஒருவரையும் பதினைந்து ஆண்டு நிலைக்கும் ஒருவரையும் பிரிப்பது எது என்பதே என் கேள்வி.

—

பின்வரிசை எழுதியது:

உங்கள் நண்பரின் சாட்சியை முதலில் விசாரிப்போம். போக்ஸ் உயரம் குறைந்தவர் என்பதால் திறன் குறைந்தவர் என்று எண்ணிக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. மின்னல் வேகமும், தரையோடு தரையாகப் பந்தைத் தட்டிச் செல்லும் கட்டுப்பாடும், எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கும் கூர்மையும் அவரிடம் ஒருசேர இருந்தன. அவ்வளவு வேகம் உயரமானவர்களிலும் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஆகவே அவர் திறனை உழைப்பால் வென்றவர் அல்லர். ஒரு திறன் இல்லாத இடத்தை மற்றொரு அரிய திறனால் நிரப்பியவர். அவரளவு உழைத்த குள்ளமானவர்கள் உலகெங்கும் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்பதை உங்கள் நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றும் சான்று, காலந்தாழ்த்தித் தொடங்கியவர்களின் வரலாறு. டிம் டங்கன் சிறுவயதில் நீச்சல் வீரர். 1989-இல் ஹியூகோ சூறாவளி அவருடைய தீவில் இருந்த நீச்சல் குளத்தை அழித்த பிறகே அவர் கூடைப்பந்துக்கு வந்தார்; பிற்காலத்தில் ஐந்து முறை சாம்பியன் அணியில் இருந்தார். ஹக்கீம் ஒலாஜுவான் நைஜீரியாவில் ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஆடிக்கொண்டிருந்தவர். பதின்பருவத்தின் பாதி கடந்த பிறகு கூடைப்பந்தைத் தொட்டு, 1984-இல் முதல் ஆளாகத் தேர்வானார். கேமரூனின் ஜோயல் எம்பீட் ஏறத்தாழ 15 வயதில் தொடங்கி 2023-இல் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ஐந்து வயது முதல் நாள் தவறாமல் பயிற்சி செய்த எத்தனையோ பேரை இவர்கள் சில ஆண்டுகளில் கடந்து சென்றார்கள். மூவரும் ஏறத்தாழ ஏழடி உயரம். மூவருக்கும் அந்த உயரத்துக்குப் பொருந்தாத இலகுவான கால்கள். நீண்ட கைகள் உள்ளவருக்குப் பந்தாட்டத்தைக் கற்றுக்கொடுக்கலாம். பந்தாட்டம் கற்றவரின் கைகளை நீட்டித்துத் தர எந்தப் பயிற்சியாளராலும் முடியாது.

ஜோர்டனைப் பற்றி வழங்கும் இன்னொரு கதையையும் இங்கே திருத்திவிடுகிறேன், ஏனெனில் உழைப்புக் கட்சியினர் அதை அடுத்ததாகக் கொண்டுவருவார்கள். பள்ளியில் அவரை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பார்கள். உண்மையில் இரண்டாம் ஆண்டில் அவரை மூத்தோர் அணிக்கு எடுக்காமல் இளையோர் அணியில் ஆட வைத்தார்கள், அவ்வளவே. அவருக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்ட லீராய் ஸ்மித் அவரைவிட உயரமானவர். பின்னர் ஜோர்டன் கடுமையாக உழைத்தார் என்பது மெய். அதே காலத்தில் அவர் பல அங்குலம் வளர்ந்தார் என்பதும் மெய். இரண்டாவது செய்தி மேடைப் பேச்சுகளில் எப்படியோ விடுபட்டுவிடுகிறது.

—

வலைநூல் எழுதியது:

பின்வரிசை அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை என்றாலும், அவர் பேசுவது வாசலைப் பற்றி மட்டுமே. கேள்வி கேட்டவர் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்கிறார். நான் இளைஞர் அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவன். தொழில்முறை ஆட்டத்துக்கு யாரையும் அனுப்பியவன் அல்லன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஜோர்டனின் பேஸ்பால் சான்று நீங்கள் நினைக்கும் அளவுக்கு உங்கள் பக்கம் பேசுவதில்லை. பள்ளிக் காலத்துக்குப் பிறகு மட்டையைத் தொடாத ஒருவர் 31 வயதில் அந்த நிலையில் போய் நின்றார். எதிரே பந்து வீசியவர்கள் சிறுவயது முதல் அதையே செய்துவந்தவர்கள். உலகின் மிக அரிய உடல்திறன்களில் ஒன்றைக் கொண்ட ஒருவரும், அந்த ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் இல்லாமல் சராசரிக்குக் கீழே போய்விட்டார் என்றும் அதே கதையைப் படிக்கலாம்.

அடுத்து, எறிதல். ஓடுவதையும் தாவுவதையும்விட, பந்தை எறிவது பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது என்பது என் உறுதியான கருத்து. புரூக் லோபஸ் 213 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடுபவர். என்.பி.ஏ.-யில் தம் முதல் எட்டு சீசன்களில் தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் கூடையில் போட்ட மூன்று புள்ளி எறிதல்கள் மொத்தம் மூன்று. ஒன்பதாவது சீசனான 2016-17-இல் மட்டும் 134. இடையில் அவருக்குப் புதிய பிறவி எதுவும் வாய்த்துவிடவில்லை. ஆட்டம் மாறிவருவதையும், கூடைக்கு அடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் பழைய பாணி சென்டருக்கு இனி இடமில்லை என்பதையும் உணர்ந்து, முப்பதை நெருங்கும் வயதில் தம் தொழிலையே மாற்றிக்கொண்டார். அதன் பிறகு 2019-இல் சாம்பியன் பட்டத்துக்கு அருகில் வந்து 2021-இல் அதை வென்ற மில்வாக்கி அணியில் அவர் இன்றியமையாதவராக இருந்தார். மூன்று ஆண்டுக்காரரையும் பதினைந்து ஆண்டுக்காரரையும் பிரிப்பது எது என்ற கேள்விக்கு, என்னிடம் உள்ள மிக நேரடியான விடை இந்த ஒரு மனிதர்.

கவாய் லெனார்டும் அப்படியே. கல்லூரியில் இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சான் அன்டோனியோ அணிக்கு வந்ததும் எறியும்போது பந்தைப் பிடிக்கும் நிலையைத் திருத்தி, முதல் சீசனிலேயே 37 விழுக்காட்டைத் தாண்டினார். ரே ஆலன் தம் எறிதலை இறைவன் கொடுத்த வரம் என்று யாராவது புகழ்ந்தால் எரிச்சலடைவார் என்பது பலரும் அறிந்த செய்தி. நாள்தோறும் தாம் செய்ததை அந்தப் புகழ்ச்சி இல்லாமல் ஆக்கிவிடுகிறது என்பதே அவருடைய மனக்குறை. 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஐந்து நொடிகள் மீதமிருக்கும்போது, திரும்பிப் பார்க்காமலேயே மூலைக்குப் பின்வாங்கிக் கால் கோட்டைத் தொடாமல் எறிந்தாரே, அந்தப் பின்வாங்கலையே அவர் தனியாகப் பயிற்சி செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு ‘என்ன திறன்!’ என்று நாம் வியக்கிறோம்.

டென்னிஸ் ராட்மனையும் விட்டுவிடக் கூடாது. 201 சென்டிமீட்டர் உயரத்தில், தம்மைவிட உயரமானவர்களுக்கு நடுவே, 1992 முதல் 1998 வரை கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் தொடர்ந்து ஏழு சீசன்கள் முதலிடம். பயிற்சியின்போது அணித் தோழர்கள் ஒவ்வொருவரின் எறிதலையும் ஓரமாக நின்று பார்த்து, யாருடைய பந்து எப்படிச் சுழல்கிறது, வளையத்தில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள்வார். இது வியர்வை சிந்தும் உழைப்பு அன்று, கவனம் செலுத்தும் உழைப்பு. நம் விவாதங்களில் இந்த வகையை யாரும் உழைப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

—

கட்டமெண் எழுதியது:

மேலே உள்ள இருவரும் தத்தம் கதைகளை நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கத்துக்குப் பத்துக் கதை சொன்னால் மறுபக்கத்துக்கும் பத்து சொல்ல முடியும் என்பதால், கணக்கின் பக்கமிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

2016-இல் புரூக் மக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும், விளையாட்டில் திட்டமிட்ட பயிற்சிக்கும் ஆட்டத்தரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லா நிலை வீரர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, தரத்தில் காணும் வேறுபாட்டில் 18 விழுக்காட்டைப் பயிற்சி அளவு விளக்கியது. உச்சநிலை வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது அது ஏறத்தாழ 1 விழுக்காடாகச் சுருங்கியது. இதைப் படித்தவுடன் உச்சியில் உழைப்புக்கு மதிப்பே இல்லை என்று அரைக்கோடு அவர்கள் துள்ளிக் குதிக்கக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும்.

இதே கணக்கை உயரத்துக்குப் போட்டுப் பாருங்கள். 1987-88 சீசனில் வாஷிங்டன் அணியில் 160 சென்டிமீட்டர் போக்ஸும் 231 சென்டிமீட்டர் மனூட் போலும் ஒன்றாக ஆடினார்கள். அந்த அணியின் முதன்மை ஆட்டக்காரர்கள் இவர்கள் இருவருமே அல்லர். லீகுக்குள் இருப்பவர்களை மட்டும் பார்த்தால், உயரமானவரே சிறந்தவர் என்ற உறவு தென்படாது. அதற்காக உயரம் தேவையில்லை என்று யாராவது சொல்வார்களா? எல்லோரும் ஏற்கெனவே உயரத்தால் சலிக்கப்பட்டு வந்தவர்கள் என்பதால், சல்லடைக்குப் பிறகு எஞ்சும் வேறுபாடு சிறிதாகத் தெரிகிறது. உழைப்புக்கும் அப்படித்தான். 30 அணிகளில், அணிக்கு 15 பேர் என்ற அளவில், ஏறத்தாழ 450 முழு ஒப்பந்த இடங்களே உள்ள ஒரு லீகுக்குள் சோம்பேறிகள் மிகக் குறைவாகவே நுழைகிறார்கள். எல்லோரும் உழைக்கும் இடத்தில், உழைப்பு யாரையும் பிரித்துக் காட்டாது. ஆகவே அந்த 1 விழுக்காடு உழைப்பின் மதிப்பைக் காட்டுவதாக நான் கொள்வதில்லை. சல்லடை எவ்வளவு நெருக்கமானது என்பதையே அது காட்டுகிறது.

சல்லடையும் பிழை செய்யும் என்பதே இதில் எனக்குச் சுவையான பகுதி. 2013 தேர்வில் முதல் ஆள் ஆன்டனி பென்னட். நான்கு சீசன்களில் அவர் என்.பி.ஏ.-யை விட்டு வெளியேறினார். அதே தேர்வில் 15-ஆவது ஆள் யானிஸ் அன்டெடோகும்போ. அடுத்த ஆண்டு 41-ஆவது இடத்தில் நிகோலா யோகிச்சை எடுத்தபோது, தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் மூன்று முறை மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்ற அவரைப் பலர் உழைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயரத் தாவாத, விரைந்து ஓடாத அந்த மனிதரிடம், மற்ற ஒன்பது பேரும் அடுத்த நொடியில் எங்கே இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே காணும் கண் இருந்தது. அளவு நாடாவுக்கும் நிறுத்தக் கடிகாரத்துக்கும் அது அகப்படவில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். பார்க்கத் தெரிந்தவர் வயலில் நிற்க வேண்டும். பின்தங்கித் தேர்வாகி முன்னுக்கு வந்தவர்களை எல்லாம் உழைப்பின் வெற்றி என்று எழுதும்போது, அவர்களுடைய திறனை நாம் அளக்கத் தவறியதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிடுகிறோம்.

—

அரைக்கோடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. பேஸ்பால் சான்றை இனி நண்பரிடம் அவ்வளவு துணிவாகச் சொல்ல மாட்டேன். வலைநூல் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எறிதல் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது என்றால், ஷாகில் ஓனீல் 19 சீசன்கள் ஆடியும், எதிரணியின் தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் 52.7 விழுக்காட்டிலேயே நின்றது ஏன்? அவரைத் தடுக்க எதிரே யாரும் இல்லை, தூரம் மாறுவதில்லை, பயிற்சி கொடுக்க ஆள் இல்லாமலும் இல்லை.

—

வலைநூல் எழுதியது:

நியாயமான கேள்வி. அவருடைய கை மிகப் பெரியது என்பதால் பந்தைப் பிடிப்பதில் சிக்கல் இருந்தது என்பது ஒரு விளக்கம். ஆனால் லெனார்டின் கையும் மிகப் பெரியதே என்பதால், அந்த விளக்கத்தோடு நான் நின்றுவிட மாட்டேன். வில்ட் சேம்பர்லைனைப் பாருங்கள். 1961-62 சீசனில் அவர் இரண்டு கைகளாலும் இடுப்புக்குக் கீழிருந்து பந்தை மேலே எறியும் முறைக்கு மாறினார். ஃப்ரீ த்ரோ 61 விழுக்காடாக உயர்ந்தது. 100 புள்ளிகள் எடுத்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில் 32 வாய்ப்புகளில் 28-ஐக் கூடையில் போட்டார். அதன் பிறகு அந்த முறையைக் கைவிட்டுவிட்டார். 1967-68-இல் 38 விழுக்காட்டுக்கு இறங்கினார். அப்படி எறிவது பார்க்கக் கேலியாக இருந்தது என்பதே காரணம் எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அதே முறையில் ஏறத்தாழ 90 விழுக்காடு வைத்திருந்த ரிக் பேரி, அதை ஓனீலுக்கும் பரிந்துரைத்தார். அப்படி எறிவதைவிட ஒன்றுகூட விழாமல் போவதே மேல் என்று ஓனீல் மறுத்துவிட்டார்.

இதை உங்கள் இரண்டு கட்சிகளில் எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திறனும் இருந்தது, உழைக்க நேரமும் இருந்தது, பலன் தரும் வழியும் கண்முன் இருந்தது. அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் சிறுபிள்ளை போல் எறிந்து நிற்க மனம் ஒப்பவில்லை.