பங்குனி ஆமையும் ஒரு வலையின் விலையும்

சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரியில் பங்குனி ஆமை என்கிற ஆலிவ் ரிட்லி கடலாமையின் முட்டைகளைக் காப்பாற்றத் தேடி நடக்கிற கூட்டத்தோடு சில பருவங்கள் போயிருக்கிறேன். 1988 முதல் மாணவர்கள் செய்துவரும் வேலை இது. ஊர்மக்களோடு சேர்ந்து செய்யும் சூழல் வேலைக்கு என்ன கொள்கை வேண்டும் என்று கேட்டால், அங்கே பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். செல்ஃபி ஆசையோடு வந்தவர்களுக்கு இது கடுப்புதான். தடத்தைப் பிடித்துப் போய், கம்பை மெதுவாக ஊன்றிப் பார்ப்பார்கள். மணல் பொலபொலவென்று இடம் கொடுத்தால் அங்கேதான் குழி. ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல், பிங்பாங் பந்து மாதிரி கிடக்கும். நாய்க்கும் தெருவிளக்குக்கும் பயந்துதான் அவற்றைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள்.

ஒரு ராத்திரி தடம் கலைந்து கிடந்தது. படகோரம் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "பங்குனி ஆமைதானே தம்பி? அந்தாண்ட ஏறிச்சு. நாய் வந்துச்சு, தொரத்திவுட்டேன்" என்றார். எங்களோடு வந்த புதுப்பையன் சும்மா இருக்காமல், "உங்க வலையிலதானே ஆமை சாகுது?" என்று கேட்டுவிட்டான். பெரியவர் கோபப்படவில்லை. "மாட்டுனா அறுத்து வுட்ருவோம். அறுத்த வலைக்கு யாரு துட்டு குடுப்பா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் குப்பத்தில் போய் பாதுகாப்பு பேசக் கூடாது என்பது என் கட்சி. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். நேரக்கணக்கில் இழுபடும் விசைப்படகு வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் செத்துவிடும். விசைப்படகுகள் 5 கடல்மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15-இல்தான் ஆரம்பம், அதற்குள் முட்டையிடும் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் திட்டு வாங்குவது கண்ணெதிரே இருக்கும் சின்னப் படகுக்காரர்.

மகாராஷ்டிராவில் வலையை அறுத்து ஆமையை விடுவிக்கிற மீனவருக்கு அரசே 25,000 ரூபாய் வரை ஈடு தருகிறது. உங்கள் கடற்கரையில் இப்படி ஏதாவது நடைமுறையில் இருந்தால், பணம் உண்மையில் கைக்கு வருகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.